வீட்டுப் பிரச்சனை என்று எழுதியவன்

நாற்பத்தேழு வயதில் நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். அந்த வயதில் எங்கள் பக்கத்து ஆண்கள் இரண்டாவது போர்வெல் ரிக் வண்டி எடுப்பார்கள், இல்லையென்றால் மகளின் ஜாதகத்தைக் கையில் எடுப்பார்கள். நான் எடுத்தது ஆய்வுத் தலைப்பு. பட்டம் இல்லாதவர்களுக்கு இனிமேல் பதவி உயர்வு கிடையாது என்று கல்லூரியில் சுற்றறிக்கை வந்திருந்தது. எனக்கு அறிவுத் தாகம் ஏற்பட்டது அப்படித்தான்.

கல்லூரி திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகும் வழியில், சோளம் விளைந்த ஒரு மேட்டு நிலத்தில் இருக்கிறது. தனியார் கல்லூரி. அங்கே இருபத்தொரு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். என்னிடம் படித்தவர்களில் பலர் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிகளில் வடக்கே போய்விட்டார்கள். அங்கே அவர்கள் பேசும் இந்தி, என்னிடம் கற்ற ஆங்கிலத்தைவிட நன்றாக இருக்கிறது என்று கேள்வி.

என் ஆய்வு நெறியாளர் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருந்தார். தலைப்பைக் கொடுத்தவர் அவர்தான்: உயர்கல்வியில் ஆண் மாணவர்களின் அடையாளமும் அனுபவங்களும். “பொண்ணுங்களப் பத்தி நெறையப் பேர் பண்ணிட்டாங்க சார். பசங்ககிட்ட யாரும் உக்காந்து கேக்கல. நீங்க கேளுங்க” என்றார். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது வணிகவியல்காரர் சிரித்தார். “பசங்களுக்கு என்ன சார் அடையாளம்? பைக் நம்பர்தான்.” நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திருப்பி வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

பேட்டி எடுக்கத் தனியறை வேண்டும் என்று ஆய்வுமுறைப் புத்தகங்கள் சொல்கின்றன. எங்கள் கல்லூரியில் பிற்பகலில் காலியாகக் கிடப்பது ஒரே ஓர் அறைதான்: தரைத்தளத்தின் கோடியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், டிசிப்ளின் கமிட்டி அறை. அதன் சாவி என்னிடம் இருந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக என்னை அந்தக் கமிட்டிக்குச் செயலாளராக்கி வைத்திருந்தார்கள். மின்விசிறியும் அங்கே நன்றாக ஓடும். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை.

முதலில் வந்த மாணவர்கள் அத்தனை பேரும் அன்று காலையில்தான் முடி வெட்டியிருந்தார்கள். தாடியை மழித்து, சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டிருந்தார்கள். கழுத்தில் பவுடர் இருந்தது. ‘பங்கேற்பாளர்களின் தோற்றத்தில் வியப்பூட்டும் ஒற்றுமை காணப்படுகிறது’ என்று என் குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழே கோடும் போட்டேன். இதற்கு நீண்ட சமூகவியல் விளக்கம் ஒன்றும் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த அறைக்குக் கூப்பிட்டால் முதலில் வாசலுக்கு எதிரே இருக்கும் சலூனுக்குப் போய்விட்டு வர வேண்டும் என்பது கல்லூரியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆராய்ச்சியாளருக்கு மட்டும் தெரியவில்லை.

பேட்டிக்கு முன் ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்க வேண்டும். நானே நல்ல தமிழில் ஐந்து பத்தி எழுதியிருந்தேன். நான்காவது பத்தி முக்கியமானது: நீங்கள் சொல்வது எதுவும் இந்த அறையைத் தாண்டாது, உங்கள் பெயர் எங்கும் வராது. ஒருவனும் படிக்கவில்லை. வாங்கியதும் கையெழுத்துப் போட்டார்கள். அதோடு நிற்காமல் பெரும்பாலோர் அதன் கீழே ஒரு வரி சேர்த்தார்கள்: ‘இனிமேல் இதுபோன்ற தவறைச் செய்ய மாட்டேன்.’

எங்கள் கல்லூரியில் ஓர் ஆண் மாணவன் ஆசிரியர் முன் கையெழுத்துப் போடும் தாள் மன்னிப்புக் கடிதம் ஒன்றுதான். போனை வகுப்பில் எடுத்தால், மாணவிகளின் படிக்கட்டில் ஏறினால், வண்டியில் மூன்று பேர் வந்தால் கடிதம் உண்டு. மூன்று வருடத்தில் அந்த வரி கைக்கே மனப்பாடமாகிவிடும். அதைப் பார்த்த அன்றே நான் அறையை மாற்றியிருக்க வேண்டும். ஆசிரியர் அறையில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு புதன்கிழமை வந்தான். ஊர் மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். அப்பா ரிக் வண்டியில் டிரில்லர், வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் சத்தீஸ்கரில். அம்மாவுக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. வீட்டில் ஆளில்லை என்பதால் இவன் விடுதியில் இருந்தான். கபடி ஆடிய தோள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே அந்த வரியையும் எழுதித் தள்ளிவைத்தான். ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு நான் முதல் கேள்வியைக் கேட்டேன்.

“இந்தக் கல்லூரிக்கு வந்த புதுசில உன்னைப் பத்தி நீ என்ன நினைச்சுட்டு இருந்தே?”

அவன் தலை குனிந்தான்.

“தெரிஞ்சு போச்சுங்களா சார்?” என்றான்.

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இருபத்தொரு வருடம் வாத்தியாராக இருந்தவனின் தலைக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரிந்தது போல மெதுவாக ஆட்டினேன்.

“நீயே சொல்லு.”

சொன்னான்.

முதலாம் ஆண்டில் மேச்சேரிப் பக்கத்துப் பையன் ஒருவன் சேர்ந்திருந்தான். மூன்று வாரத்துக்கு முன்பு பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அந்தக் கோப்பு எங்கள் கமிட்டிக்கு வந்திருந்தது. அலுவலகத்தில் யாரோ போன் செய்து, பையன் வீட்டில்தான் இருக்கிறான் என்று உறுதி செய்தார்கள். பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் நான் ‘வீட்டுப் பிரச்சனை’ என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதுவது மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: உடல்நலக் குறைவு, வேலைக்குச் செல்கிறார், வீட்டுப் பிரச்சனை. கட்டம் சிறியது. அவனைப் பார்த்த ஞாபகம்கூட எனக்கு இல்லை.

“அவன் போனதுக்கு நான்தானுங்க சார் காரணம்” என்றான் எதிரே இருந்தவன்.

“எப்படி?”

“தெனமும் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போவானுங்க. அவங்கப்பாவுக்குப் போன் பண்ணுவான். அவரு ரெண்டு வார்த்தைதான் பேசுவாரு. சாப்ட்டயா, சரி வெய்யி. அவ்ளோதாங்க சார், கட் பண்ணீருவாரு. இவன் அப்பறமும் காதுலயே வெச்சுட்டுப் பேசுவான்.”

“யார்கூட?”

“அவங்கப்பாகூடத்தான் சார். கட்டான போன்ல.”

தினமும் அப்படிப் பேசி, பேசிக்கொண்டே அழுவானாம். இவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அதைத் தன் போனில் பதிவு செய்திருக்கிறான். இரண்டு நிமிடம். விடுதிக் குழுவில் போட்டான். யாரோ அதை ரிங்டோனாக்கினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மேச்சேரிக்காரன் தட்டோடு உட்கார்ந்ததும் ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரு போன் அடித்தது. எல்லாவற்றிலும் அவன் குரல். அவன் நான்கு நாள் குனிந்தபடி சாப்பிட்டான். ஐந்தாம் நாள் போய்விட்டான்.

அந்த இரண்டு நிமிடத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். வரி விடாமல் சொன்னான். விடுதியில் எல்லோருக்கும் மனப்பாடமாம். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

“ஏன் பண்ணினே?”

ஜெனரேட்டர் ஓடி நின்றது.

“நானும் அழுதவந்தானுங்க சார். மொத வருசம் எல்லாருமே அழுவாங்க. பாத்ரூமுக்குள்ள போயி, பைப்பத் தொறந்து உட்டுட்டு அழுவோணும். சத்தம் வெளிய கேக்காது. அவனுக்கு அது தெரீல. இப்படி வெளிய வந்து அழுதுட்டு நின்னா... பாக்கறதுக்கே எனக்கு ஒரு மாதிரி ஆத்திரமா இருந்துச்சுங்க.”

ஒவ்வொரு ஜூலையிலும் விடுதியில் தண்ணீர் வீணாகிறது என்று காப்பாளர் சுற்றறிக்கை விடுவார். குழாயைத் திறந்துவிட்டுப் பொறுப்பில்லாமல் இருக்கிறார்கள், ஆண்டுக்கு ஆண்டு இது கூடுகிறது என்று அதில் இருக்கும். அதன் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பவன் நான். ‘பொறுப்பில்லாமல்’ என்பதற்கு இன்னும் கடுமையான சொல்லாக ஒரு வருடம் தேடிப் போட்டுக் கொடுத்தேன்.

கருவியை நிறுத்தினேன். இது கமிட்டி விசாரணை இல்லை, என் படிப்புக்கான பேட்டி என்று அவனிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“அப்பறம் எதுக்குங்க சார் இந்த ரூமுக்குக் கூப்ட்டீங்க?”

மின்விசிறி நன்றாக ஓடும் என்று எப்படிச் சொல்வது? நான்காவது பத்தியை வாசித்துக் காட்டினேன். அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

“அவன் வந்துருவானுங்களா சார்?” என்றான்.

வருகைப் பதிவு மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்த திங்கட்கிழமைக்குள் மேச்சேரிக்காரன் வந்து, தந்தை கையெழுத்திட்டு விண்ணப்பம் கொடுத்தால் முதல் பருவத் தேர்வு எழுதலாம். இல்லையென்றால் இந்த வருடம் போயிற்று. வசதியுள்ளவனுக்கு ஒரு வருடம் போனால் போவது ஒரு வருடம் மட்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் ஒரு வருடத்தை விட்டால் பெரும்பாலும் மொத்தமாக விட்டுவிடுவான். இது எனக்குத் தெரியும். ஆய்வின் முதல் அத்தியாயத்தில் அதைப் பற்றிப் பல பக்கம் எழுதியிருந்தேன், அடிக்குறிப்புகளோடு.

மறுநாள் நெறியாளரைப் பார்க்கப் போனேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை இரண்டு முறை கேட்டார். கழற்றும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

“பிரமாதமான டேட்டா சார். உங்க நாலாவது அத்தியாயமே இதுதான்.”

“அந்தப் பையன் சார்?”

“எந்தப் பையன்?”

“ஊருக்குப் போனவன்.”

“அவன் உங்க சாம்பிள்லயே இல்லையே” என்றார். கெட்டவர் இல்லை, உண்மையாகவே ஞாபகப்படுத்தினார். “நீங்க நடுவுல புகுந்தீங்கன்னா இந்தப் பேட்டிய அப்பறம் நீங்க பயன்படுத்த முடியாது. வாக்குக் குடுத்திருக்கீங்க, எழுத்துல. பாத்துக்கங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. வாக்கைக் காப்பாற்றுவது அறம். ராகிங் என்று தெரிந்தால் உடனே கமிட்டிக்குச் சொல்வது சட்டம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். வியாழனும் வெள்ளியும் நான் செய்தது என்னவென்றால், ஒன்றும் செய்யவில்லை. நன்றாகப் படித்தவர்களுக்கு அது எளிதாகவே வருகிறது.

சனிக்கிழமை ஆசிரியர் அறை வாசலில் மூன்றாமாண்டுக்காரன் வந்து நின்றான்.

“நாளைக்கு மேச்சேரி போறனுங்க சார்.”

“எதுக்கு?”

“அவனக் கூப்புடறதுக்கு.”

“அவங்கப்பா அடிச்சார்னா?”

“அடிச்சா வாங்கிக்கறேன். நீங்க வாரீங்களா சார்? இல்லீன்னா நானே போய்க்கறேன்.”

உடனே வருகிறேன் என்று சொன்னதாக எழுத ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கிறது என்றேன். பொய்யில்லை. எங்கள் ஊரில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் யாருக்காவது கல்யாணம் இருக்கும். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். காலையில் மொய் எழுதும் மண்டபத்துக்குக் கிளம்பியவன் எப்படியோ பேருந்து நிலையத்தில் அவன் பக்கத்தில் நின்றேன். பட்டுக்கரை வேட்டியோடுதான் மேச்சேரிக்குப் போனேன்.

சங்ககிரி, எடப்பாடி, மேட்டூர் என்று பேருந்து மாறினோம். வழியில் அவன் ஒரு தடவைதான் பேசினான். “எல்லாத்து போன்லயும் நானே வாங்கி அழிச்சுட்டனுங்க சார். ஆனா எவன் எங்க அனுப்பி வெச்சிருக்கறானோ தெரீல.” அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீடு ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருந்தது. ஓட்டு வீடு, பக்கத்தில் ஆட்டுப்பட்டி. பையனின் அப்பா செம்மறிகளுக்குக் கடலைக்கொடி உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். காய்ந்து மெலிந்த மனிதர். கல்லூரியிலிருந்து வருகிறோம் என்றதும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். என் பட்டுக்கரையைப் பார்த்து முதல்வர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

“வாங்க சார், உக்காருங்க. டேய், சாருக்குத் தண்ணி கொண்டா.”

சொம்போடு வெளியே வந்தான் பையன். என்னைப் பார்த்தான். பின்னால் நின்ற மூன்றாமாண்டுக்காரனைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான். அப்பா அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு என்னிடம் கேட்க வேறொன்று இருந்தது. உள்ளே போய், மடித்து மடித்து ஓரம் பிய்ந்த ஒரு கடிதத்தை எடுத்து வந்தார்.

“இது உங்க காலேஜ்ல இருந்து வந்துச்சுங்க. எனக்கு இங்கிலீசு தெரியாது. டீக்கடையில குடுத்துப் படிக்கச் சொன்னேன். எங்க ஊட்ல பிரச்சனை, அதனால பையன் வரலைன்னு போட்டிருக்குதாமா. கடையில அத்தன பேரு இருந்தாங்க. எங்க ஊட்ல என்னங்க பிரச்சனை? நானென்ன குடிக்கறனா? பொண்டாட்டிய அடிக்கறனா? இவனக் கேட்டா வாயே தொறக்க மாட்டீங்கறான். கை நீட்டிட்டனுங்க சார் அன்னைக்கு. வளந்த பையன.”

கடிதத்தின் கீழே, கமிட்டிச் செயலாளர் என்ற இடத்தில், என் கையெழுத்து இருந்தது. நல்ல கையெழுத்துதான், தெளிவாகப் படிக்க முடிந்தது.

கடிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். மூன்றாமாண்டுக்காரன் முன்னால் வந்தான்.

“அப்பா, பிரச்சனை உங்க ஊட்ல இல்லீங்க. நான் பண்ணுனதுங்க.”

நின்றபடி முழுவதும் சொன்னான். என்னிடம் சொன்ன ‘எல்லாரும் அழுவாங்க’ என்பதை இங்கே சொல்லவில்லை. தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அப்பா அவனை அடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, கணக்குப் புரியாதவர் போலக் கேட்டார்.

“என்னத்த ரிக்கார்டு பண்ணுன?”

“இவன் போன்ல பேசுனதுங்க.”

“யாருகூட?”

“உங்ககூடத்தானுங்க.”

“எங்கூடவா? நான் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டனேப்பா. போன்ல எனக்குப் பேச வராது.”

“நீங்க வெச்சதுக்கப்பறமுங்க.”

அவருக்கு அது விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. விளங்கியதும் மகன் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் தணிந்த குரலில் மூன்றாமாண்டுக்காரனிடம் கேட்டார்.

“என்ன சொன்னான்?”

பையன் சொம்பைப் பிடித்தபடி நின்றிருந்தான். தலையை லேசாக, மிக லேசாக, இல்லை என்பது போல அசைத்தான். மூன்றாமாண்டுக்காரன் அதைப் பார்த்தான்.

“மறந்து போச்சுங்க” என்றான்.

அப்பா என்னைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியுங்களா சார்?”

ஒலிப்பதிவுக் கருவி என் பையிலேயே இருந்தது. என் மடியில் கிடந்த அந்தப் பையில் அவர் மகனின் இரண்டு நிமிடம், இன்னொருவன் குரலில், வரி பிசகாமல் இருந்தது.

“தெரியாதுங்க” என்றேன்.

ஒரு பெற்றோரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதும் அது பொய்யாக இருந்தது என்பதைக் குறித்துவைக்கிறேன்.

திங்கட்கிழமை கெடுவைப் பற்றிச் சொன்னேன். நாளைக்குள் வராவிட்டால் தேர்வு எழுத முடியாது என்றேன். அப்பா மகனைப் பார்த்தார். பையன் சொம்பைக் கீழே வைத்தான்.

“நான் வாரேன் சார். ஆனா எழுதுனத மாத்தோணும்.”

“எதை?”

“எங்க ஊட்ல பிரச்சனைன்னு எழுதுனத. அது பொய்யிங்க சார். எங்கப்பா என்ன பண்ணுனாரு? என்ன நடந்துச்சோ அத எழுதுங்க. எழுதுனாத்தான் வருவேன்.”

நடந்ததை எழுதினால் நான்காவது பத்தி போய்விடும். அதைவிட, மூன்றாமாண்டுக்காரனின் ஐந்தாம் பருவமும் போய்விடலாம். அவனுக்கு இன்னும் இரண்டு பருவத் தேர்வுதான் பாக்கி.

“தம்பி, அப்படி எழுதுனா இவனுக்கு...”

“தெரியுமுங்க சார். போலீஸ் கீலீஸ் எல்லாம் வேண்டாம். அதையும் நானே எழுதிக் குடுக்கறேன். ஆனா புக்குல இருக்கோணும்.”

நான் மூன்றாமாண்டுக்காரனைப் பார்த்தேன்.

“எழுதுங்க சார்” என்றான்.

“நான் உனக்கு எழுதிக் குடுத்திருக்கேன். வெளிய சொல்ல மாட்டேன்னு.”

“அந்தப் பேப்பர நான் படிக்கவே இல்லீங்களே சார்” என்றான்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் அப்பா. எனக்கும் மூன்றாமாண்டுக்காரனுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டார்கள். பையனின் அம்மா பரிமாறினார். மூன்றாமாண்டுக்காரன் இலையில் குழம்பு ஊற்றும்போது அவர் கை ஒரு நொடி நின்று, பிறகு ஊற்றியது. அப்பா உட்காரவில்லை. பட்டிப் பக்கம் போனவரைக் காணோம். பையன் ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு அங்கே போனான். இரண்டு பேரும் ஆடுகளுக்கு நடுவே நின்றார்கள். அவர் தட்டை வாங்கிக்கொண்டார், சாப்பிடவில்லை. பையன் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் கை கழுவ எழுந்து போயிருந்தால் காதில் விழுந்திருக்கும். தொட்டி அந்தப் பக்கம்தான் இருந்தது. எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கமிட்டி கூடியது. தலைவர் நல்ல மனிதர், இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர். “முடிஞ்சு போன ஃபைல ஏன் சார் நோண்டறீங்க? பையன் வந்துட்டான், அவங்கப்பாவும் வந்து கையெழுத்துப் போட்டுட்டாரு. விடுங்க” என்றார். நான் பதிவேட்டை எடுத்து ‘வீட்டுப் பிரச்சனை’ என்பதைச் சிவப்பு மையில் அடித்தேன். கட்டம் போதவில்லை. தனித்தாளில் எழுதி ஒட்டினேன். எழுதும்போது மூன்றாமாண்டுக்காரன் அறைக்கு வெளியே சுவரோரம் நின்றிருந்தான். மேச்சேரிக்காரனின் அப்பாவும் அங்கே நின்றிருந்தார்.

மூன்றாமாண்டுக்காரனை விடுதியிலிருந்து நீக்கினார்கள். அந்தப் பருவத் தேர்வு எழுதத் தடை விதித்தார்கள். காவல் துறைக்குப் போகவில்லை. மேச்சேரிக்காரன் எழுதிக் கொடுத்த தாள் அதற்கு உதவியது. புதன்கிழமை தெரிந்ததைத் திங்கள் வரை ஏன் மறைத்தேன் என்று எனக்கும் விளக்கம் கேட்டார்கள். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் பிழை எதுவும் இருக்கவில்லை. சொல்லும்படியாக வேறு எதுவும் இருக்கவில்லை.

செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் ஓர் அறையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததால் ஒருவன் தானாக வந்து மாட்டிக்கொண்டான். நான் தலையை ஆட்டியதால் பேசினான். அவன் செய்தது கொடுமை. அதற்கு அவன் விலை கொடுத்தான். என் தலையாட்டலுக்கு நான் கொடுத்தது இரண்டு பக்க விளக்கம். அந்த வாரமே அவன் சத்தீஸ்கருக்கு, அவன் அப்பா இருந்த வண்டிக்கே போய்விட்டான். ஒரு தடவை போன் செய்தான். “இங்க ரெண்டு பேரும் ஒரே வண்டிதானுங்க சார், பேச்சுத்தான் இல்ல” என்று சிரித்தான். அடுத்த வருடம் வந்து, விட்ட இரண்டு பருவத்தையும் முடித்துப் பட்டம் வாங்கினான். பதிவேட்டில் அவனைப் பற்றிய தாள் இன்னும் ஒட்டியபடிதான் இருக்கிறது.

அந்தப் பேட்டியை அழித்துவிட்டேன். நெறியாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். நாலாவது அத்தியாயம் சப்பென்று போய்விட்டது என்றார். மீதிப் பேட்டிகளைக் கேன்டீனுக்குப் பின்னால், காலி சிலிண்டர்கள் அடுக்கிய இடத்தில் எடுத்தேன். கொசு கடித்தது. பையன்கள் முடி வெட்டாமல் வந்தார்கள், அதிகம் ஒன்றும் சொல்லவில்லை. பட்டம் கிடைத்தது. ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது. அதில் அழுகை என்ற சொல் ஓர் இடத்திலும் வராது.

அந்த வருடம் முதல் பருவத் தேர்வில் எனக்கு மேற்பார்வை விழுந்த கூடத்தில்தான் மேச்சேரிக்காரனுக்கு இடம். என் பாடம், ஆங்கிலம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் நிமிராமல் எழுதினான். அந்த வரிசையில் நான் தேவைக்கு அதிகமாக நடந்திருப்பேன் போலிருக்கிறது; ஒரு தடவை தலைதூக்கி, நகருங்கள் என்பது போலப் பார்த்தான். நகர்ந்தேன். பிறகு கை தூக்கினான்.

“சார், பேப்பர்.”

கொடுத்தேன். அதைக் கட்ட நூலும் கொடுத்தேன். மணி அடிக்கும்வரை எழுதிக் கட்டினான். விடைத்தாளை வாங்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். கடிதம் எழுதும் கேள்வியைத் தப்பாக எழுதிவிட்டோம் என்று தெரிந்துகொண்ட, மற்றபடி பசியோடு இருக்கிற முதலாம் ஆண்டுப் பையனின் முகம். அதற்கு மேல் அதில் எதையும் தேடாமல் அடுத்த தாளை வாங்கப் போனேன்.